ஸ்டென்ட்டை எடுக்கப் போகாத ஐந்து மாதம்

கேசிங் பைப்பை யாராவது திரும்ப உருவுவார்களா? இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு என் இடது சிறுநீரகத்தை ஐந்து மாதம் ஏமாற்றினேன்.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி ஓட்டுவது என் தொழில். துளை போட்டதும் மேல்மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவோம். இறக்கியது இறக்கியதுதான். நிலம் கைமாறினாலும் பைப் அங்கேயே கிடக்கும். என் உடம்புக்குள் டாக்டர் ஒரு குழாய் வைத்தபோது, அதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்துகொண்டேன். எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் தொழிலைப் பற்றி நான் ஏன் இன்னொருவரிடம் கேட்க வேண்டும்?

தொடக்கம் இடது விலாவுக்குக் கீழே ஒரு வலி. பிறகு குளிர்காய்ச்சல். சேலத்து மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது, கல் ஒன்று இறங்கி யூரேட்டரை (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழலை) அடைத்திருந்தது. மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்திருந்தது.

டாக்டர் லூர்துராஜ் அவசரமாக ஒரு ஸ்டென்ட் (இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாய், அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்க வழிவிடும்) வைத்தார்.

"இப்பக் கல்லைத் தொட்டா கிருமி ரத்தத்துல கலந்துரும். காய்ச்சல் அடங்கட்டும். ஆறு வாரங்கழிச்சு வாங்க. லேசர்ல கல்லை உடைச்சிட்டு ஸ்டென்ட்டையும் எடுத்துரலாம்" என்றார்.

அந்த ஆறு வாரம் முடிவதற்குள் கொரோனா வந்து ஊரை அடைத்தது. அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளை மருத்துவமனைகள் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன. அது அவர்கள் செய்த தாமதம், நியாயமான தாமதம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கைங்கரியம்.

நான் பயந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். செய்தித்தாளைத் துணிக்கொடியில் காயப்போட்டுப் படித்தேன். கொத்தமல்லிக்கட்டுக்கு மஞ்சள் தண்ணீரில் குளியல். ஒருநாள் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் எதையுமே காட்டவில்லை. நான் கட்டிலில் நேராகப் படுத்து, மனைவி சாந்தாமணியைக் கூப்பிட்டு, மகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவள் மீட்டரைக் கழற்றி பேட்டரியை மாற்றினாள்.

"இன்னொருக்காச் சாவறப்ப, மொதல்ல பேட்டரியப் பாத்துப்போட்டுக் கூப்புடுங்க" என்றாள்.

மருத்துவமனையில் திட்டமிட்ட சிகிச்சைகளை மறுபடி தொடங்கியதும் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தார். வைரஸ் அங்கே வாசலிலேயே நாற்காலி போட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

"நானுங்களா? வண்டியோட ஒடிசாவுல நிக்கறனுங்க. வந்தொடனே வாரேனுங்க" என்றேன்.

சாந்தாமணி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "ஏனுங்க, நம்மூட்டு மிக்சி சத்தம் ஒடிசா வரைக்கும் கேக்குதுங்களா?"

அந்தப் பெண் விடாமல் மாதம் ஒருமுறை கூப்பிட்டார். நானும் விடாமல் ஒடிசாவிலேயே இருந்தேன். சிறுநீர் அடிக்கடி வந்தது. போகும்போது விலாவில் சுருக்கென்றது. மாடிப்படி நாலைந்து முறை ஏறி இறங்கிய நாட்களில் சிறுநீர் சிவந்து போனது. பீட்ரூட் என்றேன்.

"பீட்ரூட்டு வாங்கி மூணு வாரமாச்சு" என்றாள் சாந்தாமணி. என் போனை எடுத்து மருத்துவமனைக்கு அவளே பேசினாள். "ஒடிசாக்காரர் ஊடு வந்துட்டாருங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்."

எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். என்னுடையது இரண்டு முனையிலும் தடித்து, மேல்முனை வெள்ளைக் கட்டியாக இருந்தது. சுற்றிலும் கல் படிந்துவிட்டது. சிறுநீரகமும் வீங்கியிருந்தது.

கேசிங் பைப் கதையை டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க போர்ல உப்புத் தண்ணிக்குள்ள கிடந்த மோட்டார் பைப்பைத் தூக்கியிருக்கீங்களா?"

"தூக்கியிருக்கறனுங்க."

"எப்படி இருக்கும்?"

எனக்குத் தெரியும். வெள்ளை வெள்ளையாக உப்புப் பொரிந்து பைப் தடித்திருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் பாதியில் முறியும். முறிந்தால் போரையே கைவிட வேண்டியதுதான். டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே வைரஸ் பயம் பின்னுக்குப் போய், சரியான பயம் அப்போதுதான் வந்தது.

"கிட்னி போயிருங்களா?"

"இன்னும் தள்ளிப்போட்டா போயிரும். இப்ப வந்தா காப்பாத்தப் பாக்கலாம்" என்றவர், என் மற்றொரு பயத்துக்கும் பதில் சொன்னார். "கொரோனா இருக்கறப்போ ஆபரேஷன் பண்ணா நுரையீரலுக்கு ஆபத்து, அது நிஜம். அதனாலதான் முன்னாடியே டெஸ்ட் எடுக்கறோம். கொரோனா நோயாளிங்க வேற கட்டடம், வேற வழி. உங்ககூட ஒரே ஆள்தான். மயக்கமும் குடுக்கப் போறதில்ல, முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வைப்போம். எங்க பக்கம் இதெல்லாம் பாத்துக்கறோம். உங்க பக்கம் ஒண்ணுதான். ஆபரேஷன் நாள் வரைக்கும் வீட்டைவிட்டு வெளிய போகாதீங்க, யாரையும் உள்ள விடாதீங்க."

வெளியே போகாமலிருப்பது சுலபம். யாரையும் உள்ளே விடாமலிருப்பதுதான் எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். ஆபரேஷன் என்று காதில் விழுந்தால், சொந்தம் முழுவதும் ஆரஞ்சுப் பையோடு வந்து பார்த்துப் போகும். பார்க்க வராதவன் பேர் அடுத்த கல்யாணம் வரை அடிபடும். மாடி அறையில் தனியாக இருந்தேன். நான்காம் நாள், சாந்தாமணியின் அண்ணன் செல்வராசு மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு படியேறினார்.

"மச்சா, அங்கயே நில்லுங்க" என்றேன்.

"ஏன் மாப்ள, பாக்க வரலைன்னா நாலு பேரு என்னையத்தானே பேசுவாங்க?"

"பேசட்டும். நீங்க வந்து பாத்து எனக்கு ஒட்டிக்கிச்சுன்னா ஆபரேசன் நிக்கும். கிட்னி போச்சுன்னா உங்களுதுல ஒண்ணு தருவீங்களா?"

மச்சான் ஒரு படி இறங்கினார். யோசித்து இன்னொரு படியும் இறங்கினார். ஆரஞ்சை வாசலில் வைத்துவிட்டு, தெருவில் நின்று கையசைத்துப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மருத்துவர் சொன்னதை முழுதாகக் கேட்டேன். வேடிக்கை பேசுகிறவனுக்கும் பிடிவாதம் வரும்.

பரிசோதனையில் கொரோனா இல்லை. மறுநாள் மேசையில் படுத்திருந்தேன். கால்கள் யாருடையவோ போல எதிரே கிடந்தன. கீழ்முனையில் படிந்த கல்லை லேசரில் உடைத்தார்கள். மேல்முனை அசையவில்லை.

"இன்னைக்கு இழுக்க மாட்டேன். இழுத்தா அறுந்துரும். ரெண்டு நாள் கழிச்சு முதுகு வழியாப் போறேன்" என்றார் டாக்டர். மாஸ்க்குக்கு மேலே அவர் கண்களை மட்டும் பார்த்தேன், அவசரம் தெரியவில்லை. சரி என்றேன்.

இரண்டாவது முறை முழு மயக்கம் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் மறுபடி ஒரு பரிசோதனை, அதிலும் இல்லை. பிறகு என் முதுகில் போர் போட்டார்கள். சிறு துளைதான். அந்த வழியாகக் கல்லை உடைத்து ஸ்டென்ட்டை முழுதாக எடுத்தார்கள். அதைப் பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். பழுப்பேறி, மண்புழு காய்ந்தது போல இருந்தது. சாந்தாமணி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது உள்ளே ஸ்டென்ட் இருந்தால், எடுக்கும் நாளைக் காலண்டரில் எழுதி, உங்களைக் கேலி செய்யத் துணிந்த ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். ஊரே அடைத்தாலும் மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள். தள்ளிப்போடலாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

உடம்பு, கேட்காமலேயே ஓடும் வண்டி என்றுதான் அதுவரை இருந்தேன். இப்போது ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் நிறம் பார்க்கிறேன். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள் என்று விரல்விட்டு எண்ணுகிறேன். உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிகிறது.

மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தேன். கொரோனா வரவில்லை. வீட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்த ஐந்து மாதத்தில் இடது சிறுநீரகத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதி வேலை செய்கிறது.