மாப்பிள்ளையை வெளியே உட்கார வைத்த நாள்

கால்பந்து ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் என் கண் முதலில் பந்தின் மேல் போகாது. கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் போகும். கல்லூரியில் படித்த காலம் முழுக்க நான் பெண்கள் அணியில் இருந்தவள். இருந்தேன் என்றால், பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தேன். என்னை எப்போதாவது இறக்குவார்கள், அதுவும் ஆட்டம் தோற்றது என்று உறுதியான பிறகு. அந்தக் கடுப்பு இன்னும் எனக்கு அடங்கவில்லை.

உலகக் கோப்பை வந்துவிட்டால் காங்கேயத்தில் என் அப்பா வீட்டில் டி.வி.க்கு முன்னால் சண்டை நடக்கும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நட்சத்திரம் வேண்டும். உலகமே பேர் சொல்லும் ஒருவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாடுதான் அவர்களுக்குச் சொந்த நாடு.

"ராசா இல்லாத படை எங்காச்சும் செயிக்குமா, அம்மணி?" என்பார் அப்பா.

"ராசா காலு சுளுக்கிக்கிட்டா படை பொட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருமாங்கப்பா?" என்பேன் நான்.

பல நாடுகள் அப்படித்தான் பெட்டியைக் கட்டியிருக்கின்றன. ஒருவரை நம்பி வந்து, அந்த ஒருவரை எதிரணி இரண்டு பேரை விட்டு மறித்துவிட்டால், மீதி அத்தனை பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஜெர்மனிக்காரர்கள் பிரேசிலுக்குப் போய்க் கோப்பை வாங்கி வந்த அந்த இறுதி ஆட்டத்தை நான் எத்தனையோ தடவை மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் விழுந்த ஒரே கோலைப் போட்டவர் பிறகு இறங்கிய மாற்று ஆள். ஓரத்தில் ஓடிவந்து அவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவரும் பிறகு இறங்கியவர்தான். இத்தாலிக்காரர்கள் வாங்கியபோது கோல் போட்டவர்களை எண்ணினால் கிட்டத்தட்ட அணியில் பாதி வரும். இதையெல்லாம் சொன்னால் அண்ணன், "செரி செரி, சப்ஸ்டிட்யூட் சங்கத் தலைவி வந்துட்டாங்க" என்று லொள்ளு பேசுவான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சமையல்காரரை நான் முதல் பந்தியை வைத்து மதிக்க மாட்டேன். முதல் பந்திக்கு யார் சமைத்தாலும் சூடாகத்தான் இருக்கும். கடைசிப் பந்தியில் பரிமாறுகிறவர்களும் டிரைவர்களும் உட்காருவார்கள் பாருங்கள், அந்த இலையிலும் ரசம் கொதிக்கக் கொதிக்க விழுந்தால் அவர்தான் சமையல்காரர். நல்ல அணியும் எனக்கு அப்படித்தான். ஆனால் இது பாதி உண்மைதான் என்று எனக்குப் புரிய வைத்தது எந்த உலகக் கோப்பையும் இல்லை, அப்பாவின் எண்ணெய் மில் அணி.

காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில்காரர்கள் எல்லாம் சேர்ந்து வருடா வருடம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் செவன்ஸ் ஆடுவார்கள். அணிக்கு ஏழு பேர், பள்ளிக்கூட மைதானம், ஓரத்தில் ஷாமியானா, மோர்ப் பானை. கோப்பை என்னவோ தகரம்தான். ஆனால் ஜெயித்த மில்காரர் அடுத்த வருடம் வரைக்கும் சந்தையில் மீசையைத் தடவிக்கொண்டு நடப்பார். எங்கள் அணிக்கு அண்ணன் மேனேஜர். கொப்பரை காயும் களத்தில் சாயங்காலம் கொப்பரையை அள்ளியதும் பயிற்சி நடக்கும். அணியின் நட்சத்திரம் என் வீட்டுக்காரர்.

அவர் கோயமுத்தூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு வாத்தியார். நாங்கள் ஆர்.எஸ்.புரத்தில் குடியிருக்கிறோம். இளமையில் மாவட்டத்துக்கு ஆடியவர். கல்யாணமான வருடமே அப்பா அவரைக் களத்தில் இறக்கிவிட்டார், நாங்கள் அந்த வருடம் ஜெயித்தோம். அன்றிலிருந்து எங்கள் அணியின் திட்டம் ஒன்றே ஒன்றுதான்: பந்து கிடைத்தால் மாப்பிள்ளையிடம் கொடு. முன்னால் ஆள் இல்லாமல் கிடந்தாலும் சரி, அவரைச் சுற்றி மூன்று பேர் நின்றாலும் சரி, "மாப்ள, இந்தாங்க!" என்று பந்தை அவருக்கே தள்ளுவார்கள். சாப்பாட்டில் அவர் இலைக்குத்தானே முதலில் நெய் ஊற்றுகிறோம், அதே கணக்கு.

சென்ற வருடம் அவருடைய வலது முட்டி திரும்பிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிளினிக்கில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, பள்ளியில் மெல்ல ஓடிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், போட்டி ஆட்டத்தில் இன்னொரு தடவை திரும்பினால் ஆபரேஷன்தான் என்றார். ஓட முடியாத விளையாட்டு வாத்தியாரை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்?

நேராக அப்பாவிடம் போனேன்.

"ஏனுங்கப்பா, இந்த வருசம் அவரு வேண்டாமுங்க. முட்டி போயிருமாமுங்க."

அப்பா கையை விரித்தார். "மாப்பிள்ளையே ஆடறேன்னு வர்றப்ப, நாம எப்படி கண்ணு வேண்டாம்ங்கறது? நாளைக்கு நாலு பேரு, மாமனார் ஊட்டுல மாப்பிள்ளைய வெளிய உக்கார வெச்சுப்போட்டாங்கன்னு பேச மாட்டாங்களா?"

சரி என்று வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்தேன்.

"மாமா வாய்விட்டுக் கூப்பிடறப்ப முடியாதுன்னு எப்படிச் சொல்றது? மாப்பிள்ளை முறுக்குன்னு பேச மாட்டாங்களா?" என்றார் இவர்.

கதவு வாசலில் இரண்டு பேர் "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்று நின்றால் மூன்றாவது ஆள் மழையில் நனைய வேண்டியதுதான். நான் நனைந்துகொண்டு நின்றேன். அவர் வேண்டாம் என்றால் அது முறுக்கு, இவர்கள் வேண்டாம் என்றால் அது அவமானம். நடுவில் கிடப்பது ஒரு முட்டி. மரியாதை மரியாதை என்று ஒரு மனுஷனை நொண்டியாக்கிவிடுவார்கள் போலிருக்கிறதே, கெரகம் என்று அழுதேவிட்டேன்.

அரையிறுதி அன்று முட்டியில் பட்டை சுற்றிக்கொண்டு இறங்கினார். முதல் பாதியில் அணிக்கு ஒரு கோல். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவரின் முகத்தில் ரத்தமே இல்லை. "வலிக்குதுங்களா?" என்றேன். "இல்லையே" என்று சிரித்தார். அப்பா நின்றிருந்த பக்கம் பார்த்துத்தான் சிரித்தார்.

இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பந்தை வாங்கித் திரும்பியவர் ஒரு கணம் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வெளியே உட்கார்ந்தே பழகிய எனக்குத் தெரிந்தது. செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து கோடு வரைக்கும் ஓடினேன்.

"ஏனுங்க! வெளிய வாங்க! போதும் வாங்க!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. புருஷனை நாலு பேர் நடுவில் ஒரு பொம்பளை சத்தம் போட்டுக் கூப்பிடுவதா? எதிரணிக்காரன் ஒருத்தன், "அண்ணா, ஊட்டுல சோறு ஆறிருச்சாட்ட இருக்குதுங்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரெஃப்ரி என்னிடம் வந்து, "அம்மா, நீங்க யாருங்க?" என்றார்.

"அவரு சம்சாரமுங்க. அவர மாத்தோணுமுங்க."

"சம்சாரம் சொன்னா மாத்த முடியாதுங்கம்மா. மேனேஜர் சொல்லோணும்."

அண்ணனைப் பார்த்தேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஷாமியானா துணியைப் பார்த்தார். மாற்று ஆட்கள் வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்தவர் எங்கள் லாரி டிரைவர், நாற்பது தாண்டியவர். எல்லா ஆட்டத்துக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார், எல்லா ஆட்டத்திலும் உட்கார்ந்தே இருப்பார். அவரை எழச் சொன்னால், "மாப்பிள்ளைங்க இருக்கறப்ப நானுங்களா?" என்று பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அப்பாவிடம் அப்படி நான் பேசியதே இல்லை.

"அப்பா, அங்க நிக்கறது உங்க பையனா இருந்தா இப்படிப் பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மைதானத்தில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்த இவரைப் பார்த்தார். அண்ணனைக் கேட்காமலேயே கையைத் தூக்கி, "மாத்துங்க ரெஃப்ரி" என்றார்.

இவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

டிரைவர் இறங்கினார். சொல்லி வைத்தாற்போல அவர் கோல் போட்டு ஜெயிக்க வைத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் தொட்ட முதல் பந்தையே எதிராளி காலில் கொடுத்தார், அது கோலாகிவிட்டது. பாவம், அவரைச் சொல்லி என்ன? பல வருடம் உட்கார வைத்தே பழக்கிவிட்டு, கழுத்தைப் பிடித்துத் தள்ளும் நாளில் ஆடு என்றால் எங்கிருந்து வரும்? தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டினால் மண்தான் வரும். ஜெயிக்கிற நாடுகள் வெளியே உட்கார்ந்திருக்கிறவனைச் சும்மா நாட்களிலேயே உள்ளே விட்டுப் பழக்குகின்றன. அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே இருக்கிறவரை, அவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், வெளியே வா என்று கூப்பிட அங்கே ஒருவர் இருக்கிறார். கூப்பிட்டால் அவரும் வருகிறார், குடும்பத்துக்கு இழுக்கு வந்துவிட்டதென்று யாரும் நினைப்பதில்லை. அந்த அணிகளில் மாப்பிள்ளை என்று ஒருத்தர் கிடையாது. எல்லோரும் பிள்ளைகள்தான்.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவை கையைத் தூக்கிய ருசியில் அப்பாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அண்ணனை ஓரம் கட்டிவிட்டு, களைத்தவனை எல்லாம் வெளியே இழுத்து, பெஞ்சில் இருந்தவனை எல்லாம் உள்ளே தள்ளினார். களத்தில் கொப்பரை புரட்டுகிறவர், செக்கில் நிற்கிறவர், எல்லோரும் இறங்கிவிட்டார்கள். யாரும் யாரிடமும் பந்தைக் கொடுக்கலாம் என்று ஆனதும், எங்கள் ஆட்கள் மேலே வர ஆரம்பித்தார்கள். இத்தனை வருடத்தில் எங்கள் அணி ஏழு பேராக ஆடி நான் பார்த்தது அந்தக் கடைசிக் கொஞ்ச நேரம்தான்.

வெளியே வந்தவர்கள் மோர்ப் பானைப் பக்கம் போய்ப் படுத்துவிட்டார்கள். பெஞ்சில் இவர் மட்டும் இருந்தார். அப்போது டிரைவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நடு மைதானத்தில் "அய்யோ" என்று விழுந்தார். அப்பா கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல், பின்னால் கையை நீட்டிக் கத்தினார்.

"டேய், தண்ணியக் கொண்டா கண்ணு!"

இவரை அப்பா அதுவரைக்கும் ஒரு தம்ளர் எடுத்து வைக்கச் சொன்னதில்லை. 'வாங்க', 'உக்காருங்க', 'சாப்பிடுங்க' தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. இவர் எழுந்தார். தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, ஆனால் வேகமாகப் போனார். டிரைவரின் காலில் தண்ணீர் ஊற்றி, குந்தி உட்கார முடியாமல் குனிந்து நீவிவிட்டார்.

அப்பா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பெஞ்சு காலியாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "அய்யய்யோ, மாப்பிள்ளைங்களா போனாங்க? அம்மணி, நான் பாக்கலியே சாமி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "மாப்ள, நீங்க வந்து உக்காருங்க!" என்று கூப்பிடவும் செய்தார். இவர் கேட்காதவர் போல நீவிக்கொண்டே இருந்தார்.

ஆட்டம் தோற்றுவிட்டோம். அண்ணன் என்னுடன் பேசவில்லை. சொந்தக்காரர்கள் இரண்டு பேர், "மாப்பிள்ளைய இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்று என் காதுபடவே முணுமுணுத்தார்கள். அப்பா கார் வரைக்கும் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவர் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்தார். முட்டி வீங்கியிருந்தது. ஆனால் மடங்கியது, நீண்டது.

வண்டியை நான்தான் ஓட்டினேன். பல்லடம் தாண்டும் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. வெளியே கூப்பிட்டதைக்கூட மன்னிப்பார், 'டேய்' என்றதை மன்னிப்பாரா?

"அப்பா தெரியாமச் சொல்லிப்போட்டாருங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார்.

"எங்கப்பா போனதுக்கப்பறம் என்னைய ஒருத்தருமே 'கொண்டா'ன்னு சொன்னதில்ல, அம்மணி."

நான் வண்டியை ஓரம் கட்டினேன்.