மாஸ்டர் வீட்டு வாசலில் கூ அடிக்காத வருடம்

இஞ்சியையும் பனங்கட்டியையும் சேர்த்து இடித்த உருண்டையைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டால் முதலில் தித்திக்கும். பிறகு மெல்லத் தொண்டைக்குள் இறங்கி நெருப்பாய் எரியும். அந்த எரிச்சல் தொடங்கிவிட்டால் பெரிய மெட்ச் வந்துவிட்டது என்று அர்த்தம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் நான்தான் குரல் என்பதால், அந்த வாரம் அம்மா வேறு எவருக்கும் அந்த உருண்டையைத் தரமாட்டா. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் திரும்பிப் பார்க்காத சனம், நான் ஒரு ‘கூ’ அடித்தால் திரும்பிப் பார்க்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்.

இரண்டு கல்லூரிகள். பெயர் சொல்லமாட்டேன்; இரண்டின் பழைய மாணவர்களும் இன்றைக்கும் என்னிடம்தான் சீமெந்து வாங்குகிறார்கள். எங்கள் பக்கத்துக் கல்லூரிக்குச் செம்மஞ்சள் கொடி, வெள்ளவத்தைப் பக்கத்தார் பெருமளவில் ஆதரித்த கல்லூரிக்கு ஊதாக் கொடி. வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில் வருடத்துக்கு ஒருமுறை இந்த இரண்டும் கிரிக்கெட்டில் மோதும்போது, கவர்னர் மாறினாலும் அவ்வளவு பரபரப்பு இராது. என் அண்ணன் செம்மஞ்சள் கல்லூரியில் படித்தான். நான் படிக்கவில்லை. படிப்பு எனக்கு ஏறவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை என்பதுதான் சரி. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே ஐயாவின் சைக்கிள் கடையில் டியூப் ஒட்டத் தொடங்கிவிட்டேன். ஆனால் கல்லூரிக்குள் இருந்து கத்தியவர்களைவிட வெளியில் நின்று கத்திய எங்களுக்குத்தான் வெறி அதிகம். சவரக்கடைக்காரர், வெதுப்பகத்தில் பாண் போடுகிறவர்கள், கொச்சிக்கடையில் மூட்டை இறக்குகிறவர்கள், எல்லோரும் செம்மஞ்சள்தான். அவர்களில் பாதிப்பேர் அந்தக் கல்லூரி வாசலைக்கூட மிதித்தவர்கள் அல்லர்.

மெட்சுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ‘தெளிக்கப் போகிற நாள்’. காசிம் நானா என்ற லொறிக்காரர் தன் லொறியைக் கழுவி, கொடி கட்டி, எங்களை ஏற்றிக்கொண்டு காலி வீதி வழியே வெள்ளவத்தைக்குப் போவார். அங்கே பேர்போன ஊதாக்காரர் வீடுகள் சில இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் லொறி நிற்கும். நான் ஒரு ‘கூ’ அடிப்பேன். வீட்டுக்காரர் வெளியே வருவார். அவருடைய பெயரைச் சொல்லி, அவருடைய அணியைச் சொல்லி, எங்கள் நக்கல்களைத் தெளிப்போம். அவர் கேற்றைப் பிடித்துக்கொண்டு திருப்பித் தெளிப்பார். முடிந்ததும் அந்த வீட்டு அம்மா தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்து லொறிக்குள் நீட்டுவா, குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். தாய், சகோதரியை இழுக்கக் கூடாது, சாதி பேசக் கூடாது, பிறவிக் குறையைத் தொடக் கூடாது. மற்றபடி வாய்க்கு வேலி இல்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. அந்த வருடம் எந்த வீட்டில் சாவு விழுந்ததோ, அந்த வீட்டு வாசலில் மட்டும் கொடியைத் தாழ்த்தி, தொப்பியைக் கழற்றி, சத்தமில்லாமல் லொறியை ஊர்ந்து போகவிடுவோம். எதிரியானாலும் துக்கம் துக்கம்தானே.

வெள்ளவத்தை வீடுகளுக்கெல்லாம் ராசா, கந்தப்பு மாஸ்டர் வீடுதான். பள்ளிக்கூட மாஸ்டர் அல்ல. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷன் எடுத்தவர். கம்பீரமான மனிதர், முறுக்கிய மீசை, ஞாயிற்றுக்கிழமையிலும் ஊதாக் கழுத்துப்பட்டி. வாலிபத்தில் அவர் ஊதாக் கல்லூரிக்காக ஒரேயொரு பெரிய மெட்ச் ஆடி, முதல் பந்திலேயே விக்கெட் பறிபோய்த் திரும்பி வந்தவர். அந்த முட்டையை நாங்கள் விடுவோமா? வருடா வருடம் அவருக்குப் புதுப்புது விதமாக அதைப் பொரித்துக் கொடுத்தோம். அவரும் சளைத்தவரில்லை. “அந்தப் பந்தை உங்கட பரம்பரையில ஒருத்தனும் கண்ணாலயும் கண்டிருக்கமாட்டான்ரா!” என்று தொடங்கினாரென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் கலியாணப் புரோக்கர் ஒருவர் எங்கள் அக்காவுக்குப் பேச்சுக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை, கந்தப்பு மாஸ்டரின் மூத்த மகன்; அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர்.

இதன் பாரம் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. சைக்கிள் கடைக்காரனின் மகளுக்கு அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை என்பது அந்த நாளில் வானத்திலிருந்து இறங்கி வந்த காரியம். அதற்கு முன் வந்த இரண்டொரு பேச்சுகளும் கடையின் கிறீஸ் மணத்தோடு திரும்பிப் போயிருந்தன. அக்காவுக்கும் விருப்பம். கோயிலில் அவரை ஒரு தடவை கண்டிருக்கிறா. அதன் பிறகு தேங்காய் துருவும்போதெல்லாம் பாட்டு வந்தது. அம்மா அதைக் கேட்டும் கேட்காதது போல் அடுப்பை ஊதினா.

ஐயா எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். “இந்த வருசம் மாஸ்டர் வீட்டு வாசலில ஒரு சத்தம் கேக்கப்படாது. சம்பந்தம் பேசிற இடம். டேய், உனக்குத்தான் சொல்லுறன். வாயைத் துறந்தாயெண்டால் சைக்கிள் செயினால கட்டிப்போடுவன்.”

அண்ணன் படித்தவன் அல்லவா, ஐயா சொன்னதற்கு மேலே ஒரு படி போனான். சத்தம் போடாமல் போவது மட்டும் மரியாதையாகாது, சம்பந்தி வீட்டுக்கு முன்னால் கொடியையும் தாழ்த்தி, தொப்பியையும் கழற்ற வேண்டும் என்று லொறியில் கட்டளை போட்டான். ஒருவருக்கும் மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை; என் கவலையெல்லாம் அந்த வருடத்துக்கென்று நான் சேர்த்துவைத்த நக்கல்கள் வீணாகப் போகின்றனவே என்பதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வாசலில் தயாராக நின்றார். புதிதாகத் தோய்த்த வேட்டி, கழுத்துப்பட்டி, மீசையில் எண்ணெய். அவருக்குப் பின்னால் மாஸ்டரம்மா தட்டத்தில் தேசிக்காய்த் தண்ணீரோடு. பக்கத்து வீட்டார் கதிரைகளோடு. லொறி வளைவில் திரும்பியதும் அண்ணன் கையைக் காட்டினான். கொடிகள் தாழ்ந்தன, தொப்பிகள் இறங்கின. நான் இஞ்சி உருண்டையை மென்று விழுங்கி வாயை இறுக்கிக்கொண்டேன். காசிம் நானா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு லொறியை ஊர்ந்து போகவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: “என்ன மகன், இந்த வூட்டுல யாரு மவுத்தானது?”

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. திரும்பிப் பார்த்தேன். மாஸ்டரின் கை கேற்றில் இருந்தபடியே இருந்தது. பக்கத்து வீட்டார் ஒருவர் ஒருவராக எழுந்து கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். மாஸ்டரம்மா தட்டத்தோடு திரும்பி நடந்தா.

அடுத்த நாள் காலையிலேயே புரோக்கர் கடைக்கு வந்துவிட்டார். வந்தவர் ஸ்டூலில்கூட இருக்கவில்லை. “என்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்? நல்ல காரியம் பேசிற நேரத்தில, உயிரோட இருக்கிற மனுசன்ர வாசலில செத்தவீட்டு மரியாதை செய்துபோட்டுப் போயிருக்கிறாங்கள். மாஸ்டரம்மா விடியவிடிய அழுகை. அபசகுனம், இந்தப் பேச்சே வேண்டாமெண்டு நிக்கிறா.”

ஐயாவுக்கு முகம் கறுத்துப் போயிற்று. சட்டையை மாற்றிக்கொண்டு டிராமிலும் பஸ்சிலுமாக வெள்ளவத்தைக்கு ஓடினார். மத்தியானம் திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். மாஸ்டர் மரியாதையாக உட்காரவைத்தாராம், தேநீர் கொடுத்தாராம், மன்னிப்புக் கேட்டதற்கு ஒரே வார்த்தை சொன்னாராம்: “உங்களை மன்னிப்புக் கேக்கச் சொல்லி நான் சொல்லேல்லையே. மற்ற ஆக்களுக்கெல்லாம் வாய் கிழியக் கத்திப்போட்டு என்ர வாசலில மட்டும் பேசாமல் போனியள். நான் இருந்தும் இல்லாத ஆளோ?”

வீட்டில் பாட்டு நின்றுவிட்டது. அம்மா விதி என்றா. அண்ணன் தன் மரியாதையை நியாயப்படுத்தி ஏதோ இங்கிலீசில் சொன்னான். மெட்ச் தொடங்குகிற நாள் விடிய, அக்காதான் என்னிடம் வந்தா. கையில் இஞ்சி உருண்டை. அம்மா இடிக்காததை அவவே இடித்திருந்தா.

“நீ வாயை மூடினதால வந்த வினை. நீயே துற,” என்றா. பிறகு கிணற்றடிப் பக்கம் கூட்டிப் போய் என் காதுக்குள் ஒரு நக்கலைச் சொன்னா. இவ்வளவு நாளும் லொறி நிறைய நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் அதற்குக் கால் தூசு. சொல் அவவுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் குரல் இல்லாவிட்டால் அது கிணற்றடியோடு போயிருக்கும்.

மைதானத்தில் இரண்டு பக்கமும் தறப்பாள் கொட்டகைகள். ஒரு கொட்டகைக்காரன் மற்றக் கொட்டகைக்குப் போகும் வழக்கமே கிடையாது. போனவன் உடுப்போடு திரும்பி வந்ததும் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்டம் நின்ற நேரம், நான் செம்மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு புல்லைக் கடந்து நேரே ஊதாக் கொட்டகைக்கு நடந்தேன். பின்னால் ஐயா “டேய், டேய்!” என்று கூப்பிடுவது கேட்டது. ஊதாப் பெடியன்கள் எழுந்து கயிற்றடிக்கு வந்தார்கள். முன்வரிசையில் மாஸ்டர் சோற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை, குனிந்த தலையோடு.

அக்கா இடித்த உருண்டையின் கடைசித் துண்டை விழுங்கினேன். நான் அடித்த அந்தக் கூவுக்கு மைதானத்துக் காகங்கள் எல்லாம் கிளம்பின.

“மாஸ்டர் ஐயா! பந்து வருகுதெண்டு கண்டதும் துடுப்பைத் தூக்கிப் பச்சைக் கொடி காட்டினியளாமே! நிக்காத மெயில் எண்டு நினைச்சோ வழி விட்டனீங்கள்? அது விக்கெட் மூண்டையும் ஏத்திக்கொண்டெல்லோ போயிட்டுது!”

கயிற்றடியில் நின்ற ஒருத்தன் என் கழுத்துப் பக்கம் கையை நீட்டினான். மாஸ்டர் எழுந்தார். சோற்றுப் பொதியை மகனிடம் கொடுத்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். நீட்டிய அந்தக் கையைத் தட்டி விலக்கிவிட்டு, முழு மைதானத்துக்கும் கேட்கக் கத்தினார்:

“அடேய்! உன்ர கொப்பர் காத்தடிச்ச சைக்கிள் கொட்டாஞ்சேனைச் சந்தியைத் தாண்டின சரித்திரம் உண்டோ? அதே பம்பாலதான் உங்கட டீமுக்கும் அடிச்சு அனுப்பினவரோ? சாப்பாட்டுக்கு முன்னமே சுருங்கிப் போச்சே!”

ஊதாக் கொட்டகை வெடித்தது. கடலை விற்ற சிங்களவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு “ஷா! ஷா!” என்று சிங்களத்தில் சபாஷ் போட்டுக் கை தட்டினார், எனக்குத் தட்டினாரா அவருக்கா என்று தெரியாது, எனக்கென்றே எடுத்துக்கொண்டேன். அதற்குள் மூச்சிரைக்க ஓடிவந்த ஐயா, என்னை அடிக்க ஓங்கிய கையை அந்தரத்தில் விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடுத்த வருசம் உங்கட சைக்கிளுக்கும் நானே அடிச்சு விடுறன் மாஸ்டர்!”

“அடுத்த வருசமென்ன? மெட்ச் முடிய வீட்டுப் பக்கம் வாங்கோ. நாள் பாப்பம்,” என்றார் மாஸ்டர். பிறகு என் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் திரும்ப வைத்து அழுத்தினார். “இந்த வாய் வளர்ந்த வீட்டில பொம்பிளை எடுத்தால் என்ர வீட்டில சந்தடிக்குக் குறைவிராது.” மாப்பிள்ளை அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். சிரித்தால் அழகாகத்தான் இருந்தார்.

அந்த மெட்சில் நாங்கள் கேவலமாகத் தோற்றோம். ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. அந்தப் பச்சைக் கொடி நக்கல் யாருடையது என்பது, கலியாணமாகிச் சில மாதங்களில், சாப்பாட்டு மேசையில் மருமகளிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒரு நாளில் மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டதாம். அன்றிலிருந்து அடுத்த வருட மெட்சுக்கு என்ன சொல்லலாமென்று மாமனாரும் மருமகளும் சேர்ந்து யோசிக்கத் தொடங்கினார்கள். ஆம், அக்கா கட்சி மாறிவிட்டா. புகுந்த வீட்டுக்கு ஊதா என்றால் ஊதாதான் என்றா. அதன் பிறகு எங்கள் லொறி அந்த வாசலில் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை.

இப்போது நானும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன், கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒழுங்கையில், மாடி வீட்டில். டியூப் ஒட்டியவன் கட்டிய வீடு. பெரிய மெட்ச் இன்றும் நடக்கிறது. பெடியன்கள் வாடகை பாண்ட் வாத்தியத்தோடு காலி வீதியில் போகிறார்கள், சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு வாசலிலும் நிற்பதில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. காசிம் நானாவின் லொறியும் போயிற்று, மாஸ்டரின் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது, அதற்கும் சீமெந்து நான்தான் கொடுத்தேன். மைதானத்துக்குப் போனால் என்னை ‘சேர்’ என்று அழைத்து முன்வரிசைக் கதிரையில் இருத்துகிறார்கள். கையில் குளிர்பானம் தருகிறார்கள். எவனும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை நக்கலாகச் சொல்வதில்லை.

அக்கா மகனோடு கனடாவுக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. இந்த வருடம் மெட்ச் முடிந்த அன்று தொலைபேசி அடித்தது. எடுத்தால் சுகம்கூடக் கேட்கவில்லை. “என்னடா சீமெந்து முதலாளி, உங்கட ஆக்களின்ர காலுக்கும் பூசி அனுப்பினனியோ? அசையாமல் நிண்டே அவுட்டாகினாங்களாமே!”

பக்கத்தில் நின்ற என் மகன், பெரிய மாமி இந்த வயதிலும் இப்படிக் கத்துகிறாவே என்று சிரித்தான். என்னிடம் பதில் இருந்தது, நல்ல பதில். ஆனால் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவ இன்னும் ஒன்று சொல்லட்டும் என்று பேசாமல் காத்திருந்தேன்.