கத்திக்கும் கத்திக்கும் நடுவே ஒரு தாள்

அன்று நாங்கள் குடித்த சாமைக் கஞ்சியில்கூட கிரீஸ் வாசனை அடித்தது. காலை பஸ்ஸின் கூரைமேல் வந்திறங்கிய மரப்பெட்டியை அப்பா வீட்டு வாசலிலேயே உடைத்து, பழுப்பு நிற எண்ணெய்த்தாளைப் பிரித்து, உள்ளே இருந்ததை இரண்டு கைகளாலும் தூக்கியபோது கிளம்பிய அந்த வாசனை, கதவு, பாய், என் பள்ளிக்கூடப் பை, அம்மாவின் முந்தானை என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டு ஒரு வாரம் இறங்கவே இல்லை. பெட்டியில் இருந்தவை: முறுக்கிய ஐந்து கத்திகள் பதித்த உருளை ஒன்று, முழங்கை நீளத்தில் நேரான தட்டைக் கத்தி ஒன்று, திருகாணிகள் எட்டு. எண்ணியவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். ஜவ்வாது மலையின்மேல் எங்கள் ஊரை ஒட்டி, வனத்துறை அதிகாரிகள் வந்து தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதன் முன்னாலிருந்த புல்தரையை வெட்ட, கையால் தள்ளும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். எஞ்சின் கிடையாது. ஆள் தள்ளினால் சக்கரம் உருளும், சக்கரத்தோடு கத்தி உருளையும் சுழலும், சுழலும் கத்திகளுக்கும் அடியில் அசையாமல் கிடக்கும் கத்திக்கும் நடுவே சிக்கிய புல், கத்தரிக்கோலில் சிக்கியதுபோல் அறுபடும். ஊரில் அதற்கு "மிஷின்" என்றுதான் பெயர். வேறு மிஷின் அதிகம் இல்லாததால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. அதைத் தள்ளிய அப்பா "மிஷின்காரர்". களை பறிப்பவர்களையும் தண்ணீர் ஊற்றுபவர்களையும் வேலை இருக்கும் நாளில் மட்டும் கூப்பிட்டார்கள். மிஷின்காரருக்கு மட்டும் வருடம் முழுவதும் வேலை இருந்தது.

அந்த வருடம் கத்திகள் மழுங்கிப்போயின. புல்லின் நுனி அறுபடாமல் நைந்து, இரண்டே நாளில் தரை முழுவதும் பழுப்பேறியது. மலைக்குக் கீழே செங்கத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைக்கலாமா என்று, விடுதியைக் கவனித்துவந்த ரேஞ்சர் கேட்டதற்கு அப்பா, "இன்னாத்துக்குங்க? கத்திய மட்டும் வாங்கிக் குடுங்க. வூட்டுலயே வச்சி நானே மாட்டிர்றேன்" என்று சொல்லிவிட்டார். ரேஞ்சர் கத்தியை வரவழைத்தார், ஆனால் பெட்டி வந்த அன்றே ஒரு கெடுவும் வைத்தார். திங்கட்கிழமை பெரிய அதிகாரி வருகிறார், அதற்குள் ஓடவில்லையென்றால் மிஷினைக் கீழே அனுப்பிவிட்டு, பழையபடி ஆள் விட்டு அரிவாளால் அறுத்துக்கொள்கிறேன் என்றார். பழுதென்று கீழே போன எந்தச் சாமானும் மலையேறித் திரும்பியதில்லை. மிஷின் போனால் மிஷின்காரர் ஏது?

சனிக்கிழமை முழுவதும் கழற்றும் வேலை. துருப்பிடித்த திருகாணிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து அப்பா ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, நான் என் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில் மிஷினைப் படமாக வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் வட்டம் போட்டு எண் எழுதினேன். "இன்னா, பரீட்சை எழுதறியா?" என்று அப்பா சிரித்தார். ஆனால் மாலையில் புது உருளையையும் அடிக்கத்தியையும் பொருத்தி முடித்தபோது ஒரு வாஷர்கூட மிச்சமாகவில்லை. அந்த நோட்டை அவர் இரண்டு முறை புரட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

ஞாயிறு காலையில்தான் சிக்கல் தெரிந்தது. அடிக்கத்தியை உருளைக்கு அருகே கொண்டுபோக இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாக இரண்டு திருகுகள் உண்டு. அப்பா இரண்டையும் இறுக்கிக்கொண்டே போனார். அரிவாள் பிடித்து வளர்ந்தவர் அவர். அழுத்தினால் அறுக்கும் என்பது அவர் கைக்குப் படிந்த பாடம். மிஷினோ ஒரு கிறீச்சிடலோடு பூட்டிக்கொண்டது. தள்ளியபோது சக்கரம் உருளாமல் வாசல் மண்ணில் இரண்டு கோடுகள்தாம் விழுந்தன. பிறகு தளர்த்தினார். உருளை அழகாகச் சுழன்றது, ஆனால் வேலியோரத்துப் புல் படுத்து, மிஷின் கடந்ததும் நிமிர்ந்துகொண்டது.

வாசலின் மறுகோடியில் அம்மா "ஏந்திர"த்தில் சாமை உரித்துக்கொண்டிருந்தாள். மேல்கல்லும் கீழ்க்கல்லும் கொண்ட அந்தத் திரிகையில் மாவு அரைப்பதென்றால் கற்கள் ஒட்டியிருக்கலாம். சாமையின் உமியை மட்டும் உரிப்பதென்றால், நடுமுளையில் துணிக்கிழிசலைச் சுற்றி மேல்கல்லை மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும். அந்த அளவு அம்மாவுக்குக் காதிலேயே இருந்தது.

"இன்னாய்யா, புல்லு கும்பிட்டுட்டு மறுபடி எழுந்து நிக்குது?" என்றாள்.

"நீ உன் ஏந்திரத்தப் பாருடி. இது சீமை மிஷின்."

"சீமையில இருந்து வந்தா இன்னா, சந்தையில இருந்து வந்தா இன்னா? கல்லும் கல்லும் ஒட்டிக்கினா அரிசி நொறுங்கிப்பூடும். வெலகிக்கினா உமி போவாது. இதுவும் ரெண்டு இரும்புதான?"

அப்பா துடைக்கத் தேவையில்லாத ஸ்பேனரைத் துடைத்தார். இன்னும் இரண்டு முறை இறுக்கி, இரண்டு முறை தளர்த்திய பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே, "சரி, வந்து இன்னான்னு சொல்லு" என்றார்.

"எங்கிட்ட கேக்கறியா, மிஷின்கிட்ட கேக்கறியா?"

"உங்கிட்டதான்டி, தாயே."

அம்மா கையிலிருந்த உமியைத் தட்டிவிட்டு வந்து மிஷினின் முன்னால் குந்தினாள். ஒரு புல்லைக் கிள்ளி இரு கத்திகளுக்கும் நடுவே நுழைத்து, உருளையைக் குச்சியால் தள்ளிப் பார்த்தாள். புல் மடங்கி, எங்கே ஒட்டுகிறது எங்கே விலகுகிறது என்று சொல்ல மறுத்தது. விறைப்பாக ஏதாவது வேண்டும் என்றாள். நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரண்டு விரல் அகலத்தில் பட்டைகளாக்கிக் கொடுத்தேன். முதல் பட்டை இடது ஓரத்தில் "சரக்"கென்று அறுந்தது. நடுவில் பாதி அறுந்தது. வலது ஓரத்தில் மடங்கி, பல்லிடுக்கில் சிக்கியதுபோல் நின்றது.

"இந்தப் பக்கம் தூக்கிக்கினு கீது" என்றாள் அம்மா. அப்பா வலது திருகைக் கால் சுற்று இறுக்கினார். நான் எழுதினேன்: வலது, கால் சுற்று. மறுபடி தாள், மறுபடி திருகு. இடது, அரைக்கால் சுற்று தளர்வு. ஒவ்வொரு முறையும் அம்மா காதைச் சாய்த்துக் கேட்டாள், அப்பா அவள் முகத்தைப் பார்த்தே கையை நிறுத்தினார். ஏழாவது பட்டை மூன்று இடத்திலும் ஒரே ஓசையுடன் அறுந்து விழுந்தது. உருளை இரும்பில் உரசாமல், காற்றில் விசிறிபோல் முனகியது.

"இப்பதான் பேசுது" என்றாள் அம்மா. எழுந்து போய் மீதிச் சாமையை உரிக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை, பெரிய அதிகாரி வருவதற்கு முன்பே ரேஞ்சர் வந்து புல்தரை ஓரத்தில் நின்றார். அப்பா மிஷினைத் தள்ளினார். பச்சைத் தூறல் முன்னால் தெறிக்க, பின்னால் பாய் விரித்ததுபோல் ஒரு பட்டை நீண்டுகொண்டே போனது. ரேஞ்சர் குனிந்து புல் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருப்பா மாட்டினது?" என்றார்.

வேலிக்கு இந்தப் பக்கம் குடத்தோடு அம்மாவும், பையோடு நானும் நின்றிருந்தோம். நானே மாட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் அப்பா. நான்தான் என்று சொல்லியிருந்தால் அதில் பெரிய பொய்யும் இல்லை.

"மாட்டினது நாந்தாங்க. வெட்ட வச்சது எங்க வூட்டுக்காரிங்க."

"அவங்களுக்கு மிஷின் தெரியுமா?"

"ஏந்திரம் தெரியுங்க" என்றார் அப்பா, விடுதியின் சமையல்காரருக்கும் கேட்கும் குரலில்.

அம்மா குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். மிஷின் கீழே போகவில்லை. அப்பா அதை மேலும் பதினோரு வருடங்கள் தள்ளினார். அதற்குள் மூன்று முறை கத்தி மாற்றினார், மூன்று முறையும் அம்மா வந்து குந்தினாள். அந்த முதல் ஏழு பட்டைகளையும் வரிசை எண் போட்டு நோட்டில் ஒட்டிவைத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும் என் பழக்கம் அந்தப் பக்கத்தில்தான் தொடங்கியது.

சென்ற ஆண்டு அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். அப்பா இப்போது இல்லை. மிஷின் எப்போதோ பழைய இரும்போடு போய்விட்டதாம். புல்தரையில் பாதிக்கு சிமெண்ட் கல் பதித்துக் கார் நிறுத்துகிறார்கள். மீதிப் பாதியில் ஓர் இளைஞர் நீண்ட குழாய் போன்ற பெட்ரோல் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெரும் இரைச்சலோடு வெட்டிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தியதும் அம்மா மெல்லக் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி, நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இன்னா தம்பி இது, மென்னு துப்பி வச்சிக்கீது?"

"புது மிஷின் பாட்டி" என்று சிரித்தார் அவர்.

அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். பையிலிருந்த நாட்குறிப்பில் ஒரு தாளைக் கிழித்து, இரண்டு விரல் அகலத்தில் மடித்துக் கிழித்துக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மிஷினின் அடிப்பக்கத்தை இப்படியும் அப்படியும் பார்த்தவள், "ரெண்டாவது கத்தி எங்க?" என்று கேட்டாள்.

"கத்தியே இல்ல பாட்டி. நைலான் நரம்புதான். சுத்தி அடிக்கும்."

அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "அதான் பாத்தேன்" என்றாள்.

அன்றைய பக்கத்தில் அந்தப் பட்டையை அறுபடாமலேயே ஒட்டியிருக்கிறேன். ஓரத்தில் எட்டு என்று எண் போட்டிருக்கிறேன்.