ஏழாம் நம்பர் ஜாடி

அஞ்சுகம் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் அவள் வாயைத் திறந்து பார்த்தவர்கள் காரைக்காலில் குறைவு. கண் மட்டும் ஓயாது. எந்த வீட்டுக் கொடியில் எந்தச் சேலை காய்கிறது, எந்த மாடியில் எத்தனையாவது படி உடைந்திருக்கிறது, எல்லாம் அத்துப்படி. எண்பத்தாறில் ஊர்க் காற்றின் அழுக்கை அளக்க வந்த கல்லூரி வாத்தியார் நீலகண்டன், மாடி ஏறி இறங்க ஆள் தேடியபோது அவளைத்தான் எல்லோரும் கைகாட்டினார்கள்.

பன்னிரண்டு மொட்டைமாடிகளில் முக்காலியின் மேல் வாய் அகன்ற கண்ணாடி ஜாடி. உள்ளே கொஞ்சம் தண்ணீர். காற்றில் வரும் தூசியும் கரியும் அதில் விழுந்து தங்கும். திங்கட்கிழமைதோறும் ஏறிப் பார்த்துத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும், மாதக் கடைசியில் ஜாடிகளைக் கொண்டு சேர்ப்பதும் அவள் வேலை. சார் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, அடியில் நின்ற அழுக்கை நிறுப்பார். பிறகு கண்ணாடித்தாள்களை விரிப்பார். ஒன்றில் தெருக்கள், ஒன்றில் புகைபோக்கிகள், ஒன்றில் காற்றடிக்கும் திசை, ஒன்றில் ஜாடிக் கணக்கு. அடுக்கி வைத்துப் பார்த்தால் அழுக்கு எங்கே புறப்பட்டு எங்கே இறங்குகிறது என்று தெரியுமாம். அழுக்கு கூடிய தெருவுக்குச் சிவப்பு, குறைந்த தெருவுக்குப் பச்சை தீட்டுவார். இதை அப்படியே மெட்ராஸில் கம்ப்யூட்டரில் ஏற்றப்போவதாகவும் சொன்னார்.

அஞ்சுகத்துக்கு அதில் ஒரே ஒரு தெருமேல்தான் கண். நெல் அவிக்கும் மில்லுக்குப் பின்னால் அவள் குடியிருந்த தெரு. அங்கே சிவப்பு விழுந்தால், குட்டையான புகைபோக்கியை உயர்த்தச் சொல்லி மேலே எழுதுவதாகச் சார் சொல்லியிருந்தார்.

"நம்ம தெருவுல பல்லு வெளக்க உமிக்கரி வாங்க வேணாம். வாயத் தொறந்துக்கிட்டு நின்னா போதும்" என்பான் அவள் புருஷன் முத்தையன்.

படம் தயாரானது. அவள் தெரு பச்சை! அந்தத் தெரு சொர்ணாம்பாள் வீட்டு மாடியில் இருந்த ஏழாம் நம்பர் ஜாடி, காரைக்கால்மேட்டுக் கடற்கரை ஜாடியைவிடச் சுத்தம். சாருக்கு ஒரே பூரிப்பு.

"கடல் காத்து பொகையைத் தலைக்கு மேலயே தூக்கிட்டுப் போயிடுதும்மா!" என்று அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியும் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை படம் மெட்ராஸுக்குப் போகிறது.

"அப்புடிங்களா சார்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

புதன்கிழமை, ஒரு வேலையும் இல்லாமலே சொர்ணாம்பாள் வீட்டு மாடி ஏறினாள். குழாயைக்கூடப் புளி போட்டு விளக்குகிற அந்த அம்மாள், இந்த மாதத்துக்கு மறுபடி வைத்திருந்த ஜாடியை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"இன்னிக்குத் திங்கக்கெழம இல்லையேடி!" என்று அவர் பதறினார். "கவுர்மெண்டு சாமான், நம்மள நம்பி வச்சிருக்காங்க. ஒரு தூசி விழ விடுவேனா? தெனம் கழுவி, நல்ல தண்ணி ஊத்தி, துணியப் போட்டுக் கட்டிடுவேன். நீ வர்ற அன்னிக்கு மட்டும் அவுத்து வைப்பேன்."

"தூசி விழுறதுக்குத்தாம்மா வச்சிருக்கு."

"போடி இவளே! தூசி வேணும்னா தெருவுல கொட்டிக் கெடக்குல்ல, அள்ளிட்டுப் போகச் சொல்லு."

பக்கத்தில் ஜாடி கட்டிய துணி கிடந்தது. முந்தின நாள் வெளுத்துக் கட்டியதாம். அடுப்படிக் கரித்துணி தேவலாம் போலிருந்தது. அஞ்சுகம் அதைப் பதமாக மடித்து எடுத்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள், சார் மேசைக்கு முன்னால் ஒன்றுகூட நிற்கவில்லை. துணியை விரித்துப் படத்தின் மேல், தன் தெருவின் மேல், உதறினாள். பச்சை கறுத்தது.

"என்னம்மா இது!"

"ஏழாம் நம்பர் சார். ஒரு நாளு அழுக்கு. அந்தம்மா தெனம் கழுவிடுறாங்க."

சார் துணியைப் பார்த்தார், தான் எழுதிய இரண்டு பக்கத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே அதைக் கிழித்தார். துணியை நிறுத்துக் கணக்கு எழுத முடியாது, இன்னும் ஒரு மாதம் ஜாடியைத் தொடாமல் வைக்க வேண்டும் என்றார். படம் மெட்ராஸுக்குப் போகவில்லை.

அந்த மாதம் சொர்ணாம்பாள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"கறுப்புக் கஷாயமாட்டம் இருக்குடி! ஊரு என்னய என்ன நெனைக்கும்? ஒரே ஒரு தரம் அலசிடட்டுமா?"

"தொடாதீங்கம்மா!" என்று தெருவிலிருந்தே கத்துவாள் அஞ்சுகம். அவளுக்கு இவ்வளவு பெரிய குரலா என்று அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது.

மாதம் முடிந்து நிறுத்தபோது பன்னிரண்டிலும் ஏழுதான் முதல். சார் சிவப்புப் பென்சிலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அஞ்சுகம் நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுத்தி அழுத்தித் தீட்டினாள். சிவப்பு தெருக்கோட்டைத் தாண்டி மில்லின் சுவருக்குள்ளும் போனது. சார் தடுக்கவில்லை.