அவர் மாற்றி எழுதிய பக்கம்

அம்பத்தூரில் எங்கள் குடியிருப்பின் கூட்ட அறையில், ஒரு பழைய நாவலின் ரசிகர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வரும் பெரியவர் ஒருவர் எங்களில் மூத்தவர். நெடிய உருவம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. யாராவது தவறாகச் சொன்னால் மறுக்க மாட்டார். கண்ணை மூடி இதமாகத் தலையாட்டுவார்.

அன்று, யாரும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களை நம்பலாமா என்று விவாதம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நாவலில் கதாநாயகனின் தம்பி வெள்ளத்தில் இறந்துபோகும் இடத்தைப் பற்றிப் பேசினார். பெரியவர் தலையாட்டினார்.

"எங்க படிச்சீங்கம்மா?"

"நெட்லதான் சார் போட்டிருக்கு."

"போட்டதே நான்தான். புத்தகத்துல அவன் சாகவே இல்ல. படிக்காம பேசுறவங்க யாருன்னு பாக்கத்தான் மாத்தி வச்சேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆசிரியையின் முகம் வெளுத்தது.

"நாலஞ்சு தடவ படிச்சவ சார் நான். புத்தகம் இப்ப கையில இல்ல. அவன் திரும்பி வந்துட்டான்னுதான் எனக்கு ஞாபகம். நெட்ல பாத்துட்டு, எங்கம்மாவுக்கு வந்த மறதி எனக்கும் வந்துடுச்சுன்னு பயந்துட்டேன். டாக்டர்கிட்டகூட போய்ட்டு வந்தேன்."

பெரியவர் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"ஞாபகம் நல்லாத்தானே இருக்கு," என்றார். "இன்னொரு எடத்துலயும் மாத்தி வச்சிருக்கேன். எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

ஆசிரியை பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பிறகு வரவேயில்லை.

நாவலையும் அந்தப் பக்கத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். வேறு பிழை எதுவும் கிடைக்கவில்லை. பெரியவர் நிஜமாகவே இன்னொரு இடத்திலும் மாற்றினாரா, அல்லது அந்த அம்மாள் தேடித் தவிக்கட்டும் என்று சும்மா சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.