இளவரசி வண்டி

பெருநகர் கிராமத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் வேதாசலத்தின் குட்டியானை லோடு வண்டியைத் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் வேதாசலத்தின் வண்டி என்று சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது. இளவரசி வண்டி என்று சொல்ல வேண்டும். வண்டி வாங்கின வருஷம் அவருடைய ஒரே மகள் இளவரசிக்கு எட்டு வயது. கண்ணாடிக்கு மேலே, வண்டியின் நெற்றியில், சிவப்பு எழுத்தில் மஞ்சள் நிழல் கொடுத்து அவள் பெயரை எழுதி வைத்தார். லோடு வண்டி வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். பிள்ளை பெயரை எழுதிவிட்டால் ஊர் அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவன் பெயர் ஆர்.சி. புத்தகத்துக்குள் தூங்கும்.

"இளவரசி வண்டிய வரச்சொல்லு, பத்து மூட்ட யூரியா கீது." "இளவரசி வண்டி சும்மாதான் நிக்குது, பிளாஸ்டிக் சேரு ஏத்திக்கினு போவட்டும்." கல்யாணத்துக்குப் பந்தல் சாமானும் சாவுக்கு ஐஸ் பெட்டியும் அதே வண்டியில்தான் போயின. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணைப் பிள்ளைகள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். அவள் அதற்கெல்லாம் அசரவில்லை, பெருமையாகத்தான் திரிந்தாள்.

இப்போது வண்டிக்குப் பதினாறு வயது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ஒரு தடவை செருமிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதனால் வேதாசலம் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துவதில்லை. ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வருவார். காலையில் கல்லை எடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி தானாக உருளும், உருளும்போதே கிளட்சை விட்டால் உயிர் வந்துவிடும். இரண்டாவது கியர் கையை எடுத்தால் நழுவி வெளியே வரும். அந்த கியரில் போகிற வரைக்கும் இடது கை அங்கேயே இருக்க வேண்டும். ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீர் எப்போதும் சீட்டுக்குக் கீழே. இடது பக்கக் கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன் இறங்க வேண்டுமானால் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறந்துகொள்வான். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

"இத்த வித்துட்டு ஒயுங்கா ஒரு வண்டி எடுபா," என்று மெக்கானிக் செங்கேணி ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லிக்கொண்டே அடியில் படுத்து வேலையும் பார்த்துவிடுவார்.

போன வருஷம் ஆடி மாதம் இளவரசி வீட்டை விட்டுப் போனாள். சாம்சனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சாம்சன் அதே ஊர்க் காலனிப் பையன். அவன் அப்பா ஞானதாஸ் இதே வண்டியில் கணக்கில்லாத மூட்டைகளை ஏற்றி இறக்கியவர். இரண்டு பேரும் ஏனாத்தூரில் ஒரு மாடி அறையில் குடியிருப்பதாகத் தகவல் வந்தது. அவனுக்கு ஏதோ அச்சகத்தில் ஷிஃப்ட் வேலை. ஊரில் என்ன பேசினார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி நேரத்தில் எல்லா ஊரும் ஒரே வசனத்தைத்தான் பேசும், அதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. போன அன்றைக்குச் சாயங்காலம் இளவரசி தன் அம்மா கனகாவுக்குப் போன் செய்தாள். மகள் குரலைக் கேட்டதும் கனகா கட் பண்ணினாள். அதற்கப்புறம் போன் வரவில்லை.

வேதாசலம் அன்றைக்குப் பதினெட்டு மூட்டை சிமெண்ட் இறக்க ஒத்துக்கொண்டிருந்தார். போய் இறக்கினார். திரும்பி வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றித் துடைத்தார். கோபம் வரும் என்று இருந்தார், வரவில்லை. அழுகை வரும் என்று இருந்தார், அதுவும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி மகள் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், ஓட்டினார். யார் என்ன சொன்னாலும் 'சரி' என்றார். வண்டியில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் மட்டும் காது நிமிர்ந்தது.

மூன்று மாதம் கழித்து வண்டிக்கு எஃப்.சி. வந்தது. எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டியை வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். காட்டுவதற்கு முன்னால் பிரேக், லைட், தகட்டு ஒட்டு, பெயிண்ட் எல்லாம் பார்க்க வேண்டும். கிளம்புகிற அன்று கனகா சொன்னாள்:

"அந்தப் பேரு இனிமே வண்டில இருக்கக் கூடாது. அது இருந்தா நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்."

"சரி," என்றார்.

உத்திரமேரூரில் பெயிண்ட் வேலை பார்க்கும் கலைச்செல்வன்தான் ஆரம்பத்திலிருந்து அந்தப் பெயரை எழுதுகிறவன். வருஷா வருஷம் பழைய எழுத்தின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டுவான். கேட்கக்கூட மாட்டான். இந்தத் தடவையும் சிவப்பு டப்பாவைத் திறந்துவிட்டிருந்தான்.

"அத்த அயிச்சுடு," என்றார் வேதாசலம்.

கலைச்செல்வனுக்கு விஷயம் தெரியும். பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"அப்ப இன்னா எய்தறதுண்ணா?"

"ஒண்ணும் வேணாம்."

"வெறும் நெத்தியா வுடக் கூடாதுண்ணா. பாக்க ஒரு மாதிரியா இருக்கும். 'முருகன் துணை'ன்னு எய்திடறேன்."

"சரி."

எமரி பேப்பரால் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தான். விரலால் தட்டினான். சத்தம் மொத்தையாக வந்தது.

"அண்ணா, இதுக்கு மேல சொரண்டுனா ஓட்ட வுயுந்துடும். உள்ள எல்லாம் துரு. இந்த எய்த்துதான் தகடா நின்னுக்கினு கீது. மேலயே ஒரு கோட்டிங் அடிச்சு வுட்டுடறேன்."

அதற்கும் சரி. நீல பெயிண்ட் பளபளவென்று ஏறியது, முருகன் துணைக்கு வந்தார், வண்டி எஃப்.சி. பாஸ் ஆனது. ஆனால் பத்துப் பன்னிரண்டு தடவை எழுதின எழுத்து பருத்துப்போய்த்தானே இருக்கும்? காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது முருகனுக்கு அடியிலிருந்து இளவரசி புடைத்துக்கொண்டு தெரிந்தாள்.

கூப்பிடுகிறவர்களைத் திருத்துவது மட்டும் வேதாசலத்தின் புது வேலை ஆனது. ஓட்டிக்கொண்டே பேச வேண்டி அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"இளவரசி வண்டிங்களா?"

"இல்லீங்க. வேதாசலம் வண்டி."

பாதிப் பேர் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். மாகறலில் ஒரு விவசாயி மூன்று தடவை கூப்பிட்டு மூன்று தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்தார். லோடு போனால் போகட்டும். கேட்கிறவர்களுக்குத்தான் சங்கடமாக இருந்தது, அவருக்கு எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு வருஷம் ஓடி, மறுபடி எஃப்.சி. வந்தது. அதற்கு முந்தின வாரம் கனகாவின் தம்பி காலை வெயிலில் வண்டி நெற்றியைப் பார்த்துவிட்டான். தன் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறவன். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தால் சந்தி சிரிக்கும் என்று குதித்தான். அந்தத் தகட்டையே வெட்டி எடுத்துவிட்டு வேறு தகடு வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னான். கனகா பாதியிலேயே உள்ளே போய்விட்டாள். வேதாசலம் சரி என்றார். வெல்டிங் கடையில் வியாழக்கிழமை காலை கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கும் சரி என்றார்.

வியாழக்கிழமை ஏரிக்கரையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெல்டிங் கடையில் நாள் முழுக்க ஆகும் என்று கனகா நாஷ்டாவைத் தூக்குச் சட்டியில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அப்போது சீட்டில் கிடந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். தண்ணீர்க் கேனைப் பிடித்தபடியே விரலால் தொட்டார்.

"அலோ, இளவரசி வண்டிங்களா?"

பெண் குரல். யாரோ அந்நியரிடம் பேசுகிற மாதிரி, எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி கேட்டது. ஆனால் அந்தக் குரலை அவருக்குத் தெரியாதா? கனகா தூக்கை பானட் மேல் வைக்கப் போனவள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

வேதாசலத்துக்கு வழக்கமான பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகின பதில். அதைச் சொன்னால் அவளும் ராங் நம்பர் என்று வைத்துவிடுவாள், இனிமேல் கூப்பிடவே மாட்டாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இத்தனை நாள் கழித்து முதல் முறையாக அவர் பயந்தார்.

"ஆமாங்க," என்றார். "இளவரசி வண்டிதான்."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒரு லோடு ஏத்தணுங்க. ஏனாத்தூருல. வூடு மாத்தறோம்."

"இன்னா லோடுங்க?"

"கண்ணாடி வெச்ச பீரோ ஒண்ணு. ஒரு கட்டிலு, கேஸ் அடுப்பு, பாத்திரம். தூரம் இல்லீங்க, அடுத்த தெருதான். இப்ப மாடில கீறோம். எனக்கு ஏழாவது மாசம், மாடி ஏறி எறங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. அதான் கீழ் வூடு பாத்துகீறோம்."

அடுத்த தெருவுக்குச் சாமான் கொண்டுபோக ஏனாத்தூரில் ஒரு வண்டி கிடைக்காதா? பெருநகர் பக்கத்திலிருந்து வர வேண்டுமா? வேதாசலம் அதைக் கேட்கவில்லை. லோடு வண்டிக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ஏத்தி எறக்க ஆளு கீதுங்களா?"

"அவரு ஷிஃப்டுக்குப் போய்ட்டாருங்க. மதியந்தான் வருவாரு. நான் சின்னச் சின்ன மூட்டையா கட்டி ஒவ்வொண்ணா எறக்கிக்கினு கீறேன்."

"நீ ஒண்ணத்தையும் தூக்காத," என்றார் வேதாசலம். "வெச்சுடு. அப்படியே வெச்சுட்டு உக்காரு. நான் வந்து எறக்கிக்கிறேன்."

"சரிங்..." என்று ஆரம்பித்த குரல், "சரி நைனா," என்று முடிந்தது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

அழுகை அப்போதும் வரவில்லை. தண்ணீர் மட்டும் ரேடியேட்டருக்குள் பாதியும் அவர் செருப்பின் மேல் பாதியுமாகக் கொட்டியது. மூடியைத் திருகிவிட்டு நிமிர்ந்தபோது கனகா இல்லை. தூக்கு பானட் மேல் இருந்தது. அவள் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்துபோய்க்கொண்டிருந்தாள். தம்பிக்குச் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தார். சொல்லிக்கொள்ளட்டும். கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவும் தோன்றவில்லை, நிற்கவும் தோன்றவில்லை. தூக்கை எடுத்து உள்ளே வைத்தார். கல்லை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். வண்டி உருண்டு, குலுங்கி, புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது.

சரிவின் அடியில், வீட்டுத் தெரு முனையில், கனகா குறுக்கே வந்து கை காட்டினாள். மூச்சு வாங்கியது. ஒரு பழைய போர்வையை ஜன்னல் வழியாகப் பக்கத்துச் சீட்டில் போட்டாள்.

"வெல்டிங் கடைக்கு வண்டி வராதுன்னு நான் போன் பண்ணிக்கிறேன்," என்றாள். "பீரோ கண்ணாடிய இத்த சுத்தி ஏத்து. மூட்ட கட்டி வெச்சிருக்கேன்னு அவ எதுனா தூக்க வருவா, கிட்ட வுடாத."