சந்தனத்துக்கு அடியில் இருந்த வெட்டு

பழனியாண்டவனை நம்பி நடக்கிற சாமிகளே, அவன் கேட்டதைக் கொடுப்பான். எனக்குக் கொடுத்தான்.

திண்டுக்கல்லில் எனக்குக் கிரேன் வேலை. ஓட்டுகிறவன் இல்லை. தூக்க வேண்டிய சாமானுக்குப் பெல்ட் கட்டி, கொக்கியில் மாட்டிவிடுகிறவன். என் தங்கச்சி வீட்டுக்காரர் பாண்டிதான் எனக்கு ஜோடி. முறையாக யாரிடமும் படித்ததில்லை, பார்த்துப் பழகியதுதான். ஆனால் திமிருக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அந்த ஆயுத பூசைக்குப் பெல்ட்டுகளை வரிசையாகப் போட்டுச் சந்தனத்தை அள்ளி அப்பி, குங்குமம் வைத்தேன். மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் தொடங்கிய வேலை விருத்தியாகும் என்று ஒரு நூல் மில்லுக்குப் போனோம். பழைய மெஷின் ஒன்றை லாரியில் ஏற்ற வேண்டும். பெல்ட்டை விரித்த பாண்டி நின்றுவிட்டார்.

"மச்சான், சந்தனத்துக்குக் கீழ என்னமோ நெருடுது. தொடச்சுப் பாத்துருவமா?"

"பூசை போட்டத மறுநாளே தொடைக்கிறதா? நல்ல நாளும் அதுவுமா வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மாப்ள. முருகன் பாத்துக்குவாரு."

அவர் பெல்ட்டை என்னிடம் நீட்டிவிட்டார். மெஷினின் கூரான விளிம்பில் பெல்ட் படுகிற இடத்துக்கு ஒரு சாக்குத் துணிகூடக் கொடுக்காமல் கட்டினேன். இடுப்பு உயரம் போனதும் மெஷின் ஆடியது. பிடித்து நிறுத்தப் பாண்டி கிட்டே போனார். பெல்ட் அறுந்தது.

அவருடைய வலது கால் மெஷினுக்கு அடியில். நான் மண்ணில் விழுந்து கத்தினேன். "முருகா, உசுர மட்டும் குடு! வேற ஒண்ணுமே கேக்க மாட்டேன்! மொட்டை போட்டு நடந்தே வாரேன்!"

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய பிறகு அறுந்த பெல்ட்டைத் துண்டால் துடைத்தேன். சந்தனத்துக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்குப் பழைய வெட்டு. பாவி, தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்!

மூன்று நாள் அவருக்கு நினைவில்லை. நான் போய் உட்கார்ந்தால் தங்கச்சி எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள். நான்காம் நாள் கண் திறந்தார். பிழைத்துக்கொண்டார் என்றார்கள். முட்டிக்கு மேலே காலை எடுத்திருந்தார்கள்.

வேண்டிக்கொண்டபடி பழனிக்கு நடந்தேன். மொட்டையும் பஞ்சாமிர்தமுமாக வந்து நின்ற என்னைப் பாண்டி ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மச்சான் வேண்டிக்கிட்ட?"

சொன்னேன்.

"அம்புட்டுத் தூரம் கேட்டவன், காலுக்கும் சேத்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு என்னைக் கொன்றுவிட்டது.

அதன் பிறகுதான் இந்த வேலையைப் பாடமாகப் படிக்கப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கட்டுவதற்கு முன் பெல்ட்டின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். விளிம்புக்கு மெத்தை கொடுக்க வேண்டும். ஆடுகிற பாரத்தைக் கையால் பிடிக்கக் கூடாது, கயிறு கட்டித் தள்ளி நின்று பிடிக்க வேண்டும். வாத்தியார் முதல் நாளே சொன்னது இவ்வளவுதான். வகுப்பில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது எங்கள் ஷெட்டில் நாற்காலி போட்டுப் பாண்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் தடவிப் பார்க்காத பெல்ட் வெளியே போகாது. வெட்டு இருந்தால் அந்த இடத்திலேயே அரிவாளால் இரண்டாக்கிவிடுவார். ஆயுத பூசைக்குச் சந்தனம் சுவருக்கு மட்டும்தான்.

நம்புங்கள் சாமிகளே, அவன் கைவிட மாட்டான். ஆனால் உங்கள் கண் பார்க்க வேண்டியதை அவன் தலையில் கட்டாதீர்கள். துடைத்துப் பார்த்துவிட்டுக் கும்பிடுங்கள்.

தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் நடக்கிறேன். பாண்டி பஸ்ஸில் வந்து அடிவாரத்தில் எனக்காகக் காத்திருப்பார். கொப்புளம் வெடித்து நொண்டிக்கொண்டு வரும் என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்பார்.

"கால் ரொம்ப வலிக்குதா மச்சான்?"